எதிர் நாற்காலி

மார்ட்டின் எழுந்து நீல நாற்காலிக்குத் திரும்பிவிட்டான். அவன் விட்டு வந்த சிவப்பு நாற்காலியின் கால்கள் மட்டும் விரிந்தபடியே இருந்தன. மலிவான பிளாஸ்டிக் நாற்காலி அது. ஆள் உட்கார்ந்தால் நான்கு கால்களும் வெளிப்பக்கம் சரியும், எழுந்தால் சின்னதாக ஒரு ‘டக்’ சத்தத்தோடு பழையபடி கூடிக்கொள்ளும். அவன் மனைவி பிரிஸ்கில்லா அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, பின்னங்கால் ஒன்று தரையில் இன்னும் ஒரு நூல் அளவு வழுக்கியது தெரிந்தது, உட்கார்ந்திருப்பவர் வசதியாகப் பின்னால் சாயும்போது வழுக்குமே, அப்படி.

பழசாகிவிட்டது, நாளைக்கு அபர்டீன் பஜாரில் வேறொன்று வாங்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்த மனது முதலில் கடைக்குத்தான் போகும்.

மணி ஐந்தேகால். மெயின்லேண்டில் பிள்ளைகள் வெயிலில் விளையாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தத் தீவில், மின்னி பேயில், விளக்குப் போட்டாக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே விரிகுடா கறுத்துப்போய், நங்கூரமிட்ட படகுகளின் டீசல் வாடையும் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாடையும் கொசுவர்த்திப் புகையோடு கலந்து உள்ளே வந்துகொண்டிருந்தன. மேசைமேல் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போனில் அகிலா மேடத்தின் முகம் உறைந்து நின்று, பிறகு அசைந்தது. அவர் சென்னையிலிருந்து பேசுகிற மனநல ஆலோசகர். படையிலிருந்து திரும்பியவர்களை மட்டும் பார்ப்பவர்.

“வெரி குட், மார்ட்டின் சார். மிக்கேல் இடத்துல உக்காந்து பேசினது எப்படி இருந்துச்சு?”

“லேசா இருந்துச்சு மேடம்,” என்றான் மார்ட்டின், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

பதினாறு வருடம் யூனிபார்ம் போட்டுக் கடலில் இருந்தவன் அவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓர் அக்டோபர் புயலில், ஹட் பே துறைமுகத்துக்கு அப்பால் ஒரு மீன்பிடி டிங்கி கவிழ்ந்தது. மீட்கப் போன படகில் மார்ட்டின் இருந்தான். ஐந்து பேரைப் படகுக்குள் தூக்கிப் போட்டார்கள். ஆறாவது ஆளுக்கு வீசிய கயிறு அறுந்துவிட்டது என்று ரிப்போர்ட். அந்த ஆறாவது ஆள் மிக்கேல், பிரிஸ்கில்லாவின் ஒரே தம்பி, வயது இருபத்தாறு. உடல் கிடைக்கவில்லை. மார்ட்டின் அந்த வருடமே வேலையை விட்டான். இந்த ஜூனில் ஒரு விடியற்காலை உயிரையும் விடப் பார்த்தான். கதவை உடைத்தது பிரிஸ்கில்லா. இன்னும் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தபோது, போதும் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

அதிலிருந்து அவள் வேலையே அவனை உயிரோடு வைத்திருப்பதுதான். ஆபத்தானதையெல்லாம் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். உள்ளே இருக்கும்வரை அவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அகிலா மேடம் எழுதிக்கொடுத்த ஏற்பாடு. மார்ட்டினும் சமர்த்தாக மாதா பாட்டு பாடுவான், சுருதியே இல்லாமல். பாட்டு நின்றால் அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். தம்பியின் சவப்பெட்டியை, உள்ளே அவன் சட்டையை மட்டும் வைத்து, கல்லறைக்குத் தூக்கிப் போனதைப் பார்த்தவள் அவள். இன்னொரு பெட்டி இந்த வீட்டிலிருந்து போகக்கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நாற்காலி வைத்தியம் மேடத்தின் ஆலோசனை தொடங்கிய ஐந்தாவது வாரத்தில் ஆரம்பித்தது. எதிரில் ஒரு காலி நாற்காலி. அதில் செத்தவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும். பிறகு எழுந்துபோய் அதில் உட்கார்ந்து, செத்தவராகப் பதில் சொல்ல வேண்டும். “நம்ம மேல பாசமா இருந்தவர் நம்மள மன்னிக்கத்தான் செய்வார்,” என்றார் மேடம். “அந்த வார்த்தை இவர் வாயாலயே வரணும். அதுதான் மருந்து.” அதற்கு முன்னால் பிரிஸ்கில்லாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மிக்கேலுக்கு இவரைப் பிடிக்குமா?

“அத்தான் அத்தான்னு உயிரையே விடுவான் மேடம்.”

பொய். சாவதற்கு ஒரு மாதம் முன்பு மிக்கேல் இந்த ஹாலில்தான் மார்ட்டினின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சுவராக நிறுத்தினான். அக்காவின் இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டான். இன்னொரு தடவை கை பட்டால் கொன்று கடலில் போடுவேன் என்றான். அவன் காலில் விழுந்து வெளியே அனுப்பியவள் அவள்தான். வீட்டில் விழுகிற அடியை வெளியே சொல்வது அவள் குடும்பத்தில் வழக்கமில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சாமியாரிடம் தன் கோபத்தைத்தான் சொல்லுவாள், தன் கன்னத்தைச் சொல்லமாட்டாள். அப்படியிருக்க, போனில் தெரிகிற ஒரு மேடத்திடம் எப்படிச் சொல்வது? அதுவுமில்லாமல் ஜூனுக்குப் பிறகு அந்தக் கை அவள்மேல் ஓங்கியதில்லை. சாகப் பார்த்தவனைப் பற்றி இனி என்ன சொல்ல இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

மேடம் இல்லாத நாட்களிலும் மாலையில் இருபது நிமிடம் பயிற்சி செய்ய வேண்டும். நாற்காலியைப் போடுவது பிரிஸ்கில்லா. குறுக்கே பேசாமல் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பதும் அவள் வேலை. முதல் நாட்களில் சிவப்பு நாற்காலியிலிருந்து வந்ததெல்லாம் மார்ட்டினின் குரல், மார்ட்டினின் தூத்துக்குடித் தமிழ். “பரவால்ல அத்தான், நீங்க என்ன செய்வீய.” நாடகத்துக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல் இருக்கும். அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

நாற்காலியின் கால்கள் கூடாமல் நின்ற மறுநாள், அந்தத் தமிழ் மாறியது.

“அரே அத்தான், ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்கீங்க? ஜோ ஹுவா, ஸோ ஹுவா. நடந்தது நடந்துருச்சு. பஸ், போதும்.”

மார்ட்டினுக்கும் இந்தி தெரியும், கப்பலில் பேசுகிற இந்தி. தமிழில் அதைக் கலக்கமாட்டான். மிக்கேல் இங்கேயே பிறந்து வங்காளிப் பையன்களோடும் தெலுங்குப் பையன்களோடும் தெருவில் வளர்ந்தவன். மூன்று வார்த்தைக்கு ஓர் இந்தி விழாமல் அவனுக்குப் பேசத் தெரியாது. சொல்லி முடித்ததும் ஒரு காலைத் தூக்கி இன்னொரு தொடைமேல் போட்டு ஆட்டினான் மார்ட்டின். மார்ட்டினின் கால்தான். ஆட்டம் மிக்கேலுடையது.

அன்றிரவு மார்ட்டின் நன்றாகத் தூங்கினான். அவள்தான் தூங்கவில்லை. ஹாலில் பிளாஸ்டிக் மெதுவாக முனகுவது கேட்டது, ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து இடுப்பு வலித்து மாறி மாறி உட்காருவதுபோல. எழுந்து போய்ப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. காலையில் நாற்காலியைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையடியில் போடப் போனவள், ஒரு கையால் தூக்கி, முடியாமல், இரண்டு கையாலும் தூக்கினாள்.

அடுத்த புதன்கிழமை, மேடம் போனில் இருக்கும்போதே, சிவப்பு நாற்காலி கேட்டது. “கயிறு அறுந்துச்சுன்னு எழுதிக் குடுத்தீங்கல்ல அத்தான்? அறுந்துச்சா, அறுத்தீங்களா?”

மார்ட்டின் எழுந்து நீல நாற்காலிக்கு ஓடினான். ஆமாம், ஓடினான். உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். “எங்க போட்டு சாஞ்சிருச்சுடே. அஞ்சு பேரு உள்ள கெடந்தானுவ. கயிறு இழுத்த இழுப்புல எல்லாரும் போயிருப்போம். நா அறுத்தேன். நாந்தாம்டே அறுத்தேன்.”

பிரிஸ்கில்லா வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அந்தக் கயிற்றைத் திட்டியிருக்கிறாள். கயிறு செய்தவனைத் திட்டியிருக்கிறாள்.

“அஞ்சு பேருக்காகவா? நஹி. உங்க சட்டையப் பிடிச்சேன்ல, அதுக்கா?”

மார்ட்டின் நீல நாற்காலியில்தான் இருந்தான். முகம் கைகளுக்குள் இருந்தது. வாய் கைகளுக்குள் இருந்தது. குரல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

“எக்ஸலண்ட்,” என்றார் அகிலா மேடம், இரண்டு நொடி பிந்தி. அவருக்குத் திரையில் மார்ட்டினின் குனிந்த தலை மட்டும்தான் தெரியும். “ரொம்ப நாளா உள்ள இருந்தது இப்பதான் வெளிய வருது. நிறுத்தாதீங்க. பிரிஸ்கில்லா, சட்டையப் பிடிச்சதுன்னு ஏதோ சொன்னாரே, என்ன அது?”

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருந்தால் மேடம் வைத்தியத்தையே மாற்றியிருப்பார்.

“சும்மா விளையாட்டுக்கு மேடம். மாமன் மச்சான் விளையாட்டு.”

எதிர் நாற்காலி ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தது. அது அவளைப் பார்த்துச் சிரித்தது.

அதற்குப் பிறகு மார்ட்டின் குளியலறையில் பாடும்போது பாட்டு அவ்வப்போது மாறிக்கொண்டது. மாதா பாட்டின் பாதியில் விசில் கிளம்பும், மிக்கேல் வலை தைக்கும்போது அடிக்கிற விசில். பிறகு மறுபடி மாதா பாட்டு, முன்னைவிட வேகமாக, மூச்சு வாங்க. ஒருநாள் கதவுக்குப் பின்னால் அவன் தேம்புவது கேட்டது. “பிரிஸ்கி, என்னைய அதுல உக்கார வைக்காத. உள்ள ஈரமா இருக்கு. உக்காந்தா எந்திரிக்க விடமாட்டேங்கான்.” அவள் மேடத்துக்கு போன் செய்தாள். பயம் அதிகமாகிறது என்றால் குணமாகிறது என்று அர்த்தம், பாதியில் விட்டால்தான் ஆபத்து, உயிருக்கே ஆபத்து என்றார் மேடம். உயிர் என்ற வார்த்தைக்கு அவள் அடங்கிப்போனாள். மாலையில் நாற்காலியைப் போட்டாள்.

கடைசி அமர்வு வெள்ளிக்கிழமை. மழை பிடித்திருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் மேடத்தின் குரல் விட்டுவிட்டு வந்தது. “இன்னைக்கு அந்த வார்த்தை வரணும், மார்ட்டின் சார். மன்னிச்சிட்டேன். மிக்கேலா உக்காந்து சொல்லுங்க.”

மார்ட்டின் மனைவியைப் பார்த்தான். மாட்டை லாரியில் ஏற்றும்போது அது பார்க்குமே, அந்தப் பார்வை. அவள் தலையை ஆட்டினாள். போங்க. போனால் முடிந்துவிடும்.

போனான். உட்கார்ந்தான். சிவப்புக் கால்கள் விரிந்தன.

மழை. கொசுவர்த்திப் புகை. போனில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம்.

“மன்னிச்சிட்டேன் அத்தான்,” என்றது மிக்கேலின் குரல். “பாவம், ரொம்ப நாளா கஷ்டப்படறீங்க. சலோ. இடம் மாத்திக்கலாம்.”

நீல நாற்காலி காலியாக இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் கால்கள் விரிந்தன.

மெதுவாக. ஒவ்வொன்றாக. எழுபத்தெட்டு கிலோ மார்ட்டினுக்கு விரிகிற அளவுக்கு.

சிவப்பு நாற்காலியிலிருந்து அவள் புருஷனின் உடம்பு எழுந்தது. டக். கால்கள் கூடிக்கொண்டன, எத்தனையோ நாளுக்குப் பிறகு. அவன் கைகளை மேலே நீட்டிச் சோம்பல் முறித்தான். போனுக்கு முன்னால் வந்து நின்று அழகாகச் சிரித்தான். “தேங்க்யூ மேடம். மனசுல ஒண்ணுமே இல்ல இப்ப.”

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை கடைசியாக ஒரு போன் செய்வதாகவும், எல்லாம் சரி என்று வீட்டம்மா சொன்னால் பைலை மூடிவிடலாம் என்றும், ஏதாவது சரியில்லை என்று அவள் சொன்னால் முதலிலிருந்து நாற்காலியைப் போடலாம் என்றும் சொன்னார்.

அன்று ராத்திரி அவன் கட்டிலுக்கு வரவில்லை. ஹாலில் பாயை விரித்துப் படுத்தான். படுக்குமுன் சோற்றில் மீன்தலையைக் கேட்டு வாங்கி, கண்ணை உறிஞ்சித் தின்றான். மார்ட்டின் மீன்தலையைத் தொடமாட்டான். தின்றுவிட்டுக் கையைக் கழுவி ஈரத்தைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டான். விளக்கை அணைத்ததும் இருட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டான்.

“அக்கா.”

அவள் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.

“அழாத அக்கா. ஆ கயா நா மை. வந்துட்டேன்ல. இனிமே உன்னை யாரும் தொட முடியாது.”

திடீரென்று அமைதியானால் கவனமாக இருங்கள், அதுதான் மோசமான அறிகுறி என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். அவள் கவனமாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் உடம்பு அவளைக் கேட்காமல் ஒன்று செய்தது, சந்தோஷப்பட்டது. சொல்லவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் தம்பி வந்துவிட்டான், தம்பி சாப்பிட்டான், தம்பி ஹாலில் குறட்டை விடுகிறான் என்று அது போர்வைக்குள் கிடந்து சந்தோஷப்பட்டது.

மறுநாள் ஐந்து மணிக்கு, இருட்டும் நேரத்தில், நீல நாற்காலி பேச ஆரம்பித்தது.

“பிரிஸ்கி.” தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். “பிரிஸ்கி, குளுருதுட்டி. கால் எட்டல. கீழ ஒண்ணுமே இல்ல. மேடத்துட்ட சொல்லு. திரும்ப நாற்காலியப் போடச் சொல்லு. சாகவும் முடியல பிரிஸ்கி, இங்க சாகவே முடியல.”

அவள் காதைப் பொத்தினாள். தம்பி சமையலறையில் மீனை அரிந்துகொண்டே விசிலடித்தான். பூட்டியிருந்த டிரங்குப் பெட்டியை அவனே திறந்து, கத்தியை எடுத்துவிட்டிருந்தான். அவனுக்கு இனி அந்தப் பூட்டு எதற்கு.

ஞாயிறு மாலை. திங்கள் மாலை. ஐந்து மணி ஆனதும் அதே குரல், அதே கெஞ்சல், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கீழேயிருந்து. ஒரு வார்த்தை போதும். மேடத்திடம் ‘சரியில்லை’ என்ற ஒரு வார்த்தை. சொன்னால் புருஷன் திரும்புவான், தம்பி மறுபடி சாவான். சொல்லாவிட்டால் புருஷனை யாரும் தேடமாட்டார்கள், ஏனென்றால் அவன் எல்லார் கண்ணுக்கும் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பான்.

செவ்வாய், ஐந்து மணி. போன் அடித்தது.

“எப்படி இருக்கார் பிரிஸ்கில்லா? தூக்கம், சாப்பாடு?”

“நல்லா தூங்குறாரு மேடம். நல்லா சாப்பிடுறாரு.”

“சாகணும்னு ஏதாவது பேச்சு?”

நீல நாற்காலி மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு அது கேட்டது. எதிரில் சாப்பாட்டுத் தட்டின் முன் தம்பி, சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, புருஷனின் முகத்தால் அவளைப் பார்த்தான். கயிற்றை அறுத்தவன் மார்ட்டின். கண்ணுக்குக் கீழே கன்ற வைத்தவன் அவன். உடம்பு உயிரோடுதானே இருக்கிறது? பெட்டி எதுவும் போகவில்லையே இந்த வீட்டிலிருந்து?

“இல்ல மேடம்.”

“வித்தியாசமா எதாவது தெரியுதா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல. நல்லா இருக்காரு.”

“நீங்க இல்லைன்னா அவர் இல்ல,” என்றார் அகிலா மேடம், மனதாரச் சொன்னார். “பைல மூடிடறேன்.”

போன் அணைந்தது.

நாற்காலி கத்தும் என்று நினைத்தாள். திட்டும் என்று நினைத்தாள். அது ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர்ச் சத்தம்கூட நின்றுபோயிற்று. நம்பிக் கொண்டிருந்த ஒருவன் நம்புவதை விட்டுவிட்ட அமைதி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பதினொரு வருடம் கூட வாழ்ந்த ஒருவனைத் தண்ணீரில் விட்டுவிட்டு உலை வைக்கப் போகிறாள். அதையே அவன் ஒரு நொடி அவசரத்தில் செய்தான். அவள் யோசித்துச் செய்திருக்கிறாள். அந்த நினைப்பு நெஞ்சில் ஏறியதும் போனைத் தட்டிப் பறித்ததுபோல் எடுத்து, மேடத்தின் எண்ணை அமுக்கினாள்.

மறுமுனையில் ஒரு மணி அடித்தது. இரண்டாவது மணி.

பளாரென்று அறை விழுந்தது.

போன் தரையில் வழுக்கிக்கொண்டு கட்டிலடியில் போய் நின்றது. இடது கன்னம், காதோடு சேர்த்து. அதே இடம். அதே கனம். காதுக்குள் அதே ரீங்காரம்.

மிக்கேல் நின்றுகொண்டிருந்தான். தன் முன்னால் நீட்டியிருந்த கையைப் பார்த்தான். விரல்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

“அக்கா,” என்றான். “நான் இல்ல அக்கா. கஸம் ஸே, சத்தியமா. கை தானா போச்சு.”

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் நம்பினாள். சின்ன வயதில் அவள் மடியில் தூங்கியவன், பொய் சொல்லத் தெரியாதவன்.

அவன் விரல்களை மடக்கினான். விரித்தான். மறுபடி மடக்கினான். கண்ணீர் அப்படியே இருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, வெகுநாள் பசிக்கு முதல் வாய்ச் சோறு இறங்கியவன் முகம்போல.

கட்டிலடியில் மணி அடித்து ஓய்ந்தது.

கை மறுபடி மேலே போனது.

அவளுக்குப் பின்னால், இருட்டில், நீல நாற்காலி வாயைத் திறந்தது. கெஞ்சவில்லை. அந்தக் கையை அறிந்தவன், அது எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று அறிந்த ஒரே ஒருவன், தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட அன்பாகச் சொன்னான்.

“அழாத பிரிஸ்கி. அழுதா அது நிக்காது.”